அருவிக்குக் கிளம்பிக்கொண்டே இருப்பவர்

ஊர் சுற்றுகிறவர்கள் ஒரு வகை, வீட்டை விட்டு நகராதவர்கள் ஒரு வகை. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அவர்கள் கிளம்பிக்கொண்டே இருப்பவர்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலை, அருவி, கூடாரம் என்று எவராவது பேச்செடுத்தால் போதும், சட்டைப் பையிலிருந்து பேனா வெளியே வரும். பேனா வெளியே வந்துவிட்டால் அந்தப் பயணம் அத்தோடு முடிந்தது என்று முடிவு செய்துகொண்டு நீங்கள் வேறு வேலையைப் பார்க்கலாம்.

மதுரையில் இந்த இனத்தில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். வில்லாபுரத்தில் நமக்குக் கிடைத்தவர் பெயர் சூரியபிரகாஷ். தனியார் கல்லூரி ஒன்றில் அலுவலகக் கண்காணிப்பாளர், வயது நாற்பத்தெட்டு. வருசநாட்டு மலைக்குள்ளே வண்டி போகாத இடத்தில் ஓர் அருவி இருக்கிறது. அங்கே கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கிவிட்டு வர வேண்டும் என்று பதினோரு ஆண்டுகளாகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். அருவியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நீங்கள் பிரியாணிப் பொட்டலத்தோடு குடும்பமாகப் போய்விட்டு வந்துவிடுவீர்கள். அதை அவர் மனசு தாங்காது.

கூட வருவதாக இருந்தவர்கள் மூன்று பேர். மேலூர்ப் பக்கம் வயலும் நெல் வியாபாரமுமாக இருக்கும் காசிமாயன், பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்யும் தங்கப்பாண்டி, இவர்களுக்கு இளையவர், சொந்த வண்டி வைத்திருப்பவர். மூன்றாமவர் சாம்பசிவம், வங்கி அதிகாரி, பள்ளியில் சூரியபிரகாஷோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். ஞாயிறு தவறாமல் சாயங்காலம் நால்வரும் வில்லாபுரம் வீட்டு மொட்டை மாடியில் கூடுவார்கள். கூட்டத்துக்குத் தலைவர், செயலாளர், தீர்மானங்களை நோட்டில் எழுதுகிறவர் எல்லாமே சூரியபிரகாஷ்தான். மற்ற மூவரும் வடை சாப்பிடும் உறுப்பினர்கள். வடை சுடுவது அவர் மனைவி நாகஜோதி.

என்ன பேசுவார்கள் என்று கேட்கிறீர்களா? எதைத்தான் பேசவில்லை. ஓர் இரவுக்குக் கறியை மதுரையிலேயே வாங்கி மஞ்சள் தடவி எடுத்துப் போவதா, அடிவாரத்தில் வாங்குவதா, அல்லது காசிமாயன் சொன்னபடி உயிரோடு ஒரு சேவலைக் கூட்டிப்போய் அங்கே வைத்துப் பார்த்துக்கொள்வதா என்பதற்கு மட்டும் இரண்டு மாதம் ஆனது. சேவல் வழியில் கூவினால் காட்டு மிருகங்களுக்கு இடைஞ்சல் என்று சூரியபிரகாஷ் ஆட்சேபம் தெரிவித்தார். ஆட்சேபம் நோட்டில் ஏறியது. வனத்துறைக்கு அனுப்ப மூன்று பக்க விண்ணப்பம் ஒன்று ஐந்து ஆண்டுக்கு முன்பே தயார். எழுத்துப் பிழை பார்க்க வேண்டியிருந்ததால் இன்னும் அனுப்பவில்லை.

நாள் குறிப்பதுதான் பெரிய பாடு. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குகிறார், அந்த நேரத்தில் ஊரை விட்டுப் போகிறவன் மதுரைக்காரனே இல்லை, வைகாசியில் கல்லூரிச் சேர்க்கை, ஆடியில் காசிமாயனுக்கு வயல் வேலை, ஆவணியில் முகூர்த்தங்கள், தங்கப்பாண்டி மார்க்கெட்டை விட்டு அசைய முடியாது, புரட்டாசியில் கறி கிடையாது, கறி இல்லாமல் காட்டில் என்ன வேலை, ஐப்பசியில் தீபாவளியும் அடைமழையும், கார்த்திகை, மார்கழியில் சாம்பசிவம் மாலை போட்டிருப்பார், தையில் ஜல்லிக்கட்டு, மாசியில் குலசாமி கும்பிடு, பங்குனியில் அருவியில் தண்ணீர் இருக்காது. மிச்சம் ஆனி ஒன்றுதான். ஆனியில் ஒரு தடங்கலும் இல்லை. அதனாலேயே அவருக்கு அந்த மாதத்தின் மேல் சந்தேகம். இவ்வளவு தோதாக ஒரு மாதம் அமைந்தால் அதில் ஏதோ கோளாறு இருக்க வேண்டாமா?

ஒரு வருடம் ஒத்திகை நடந்தது. நாலு பேர் தங்கும் கூடாரம் ஒன்றை வரவழைத்து, அதைக் காட்டில் முதன்முதலாகப் பிரிப்பது அபாயம் என்று மொட்டை மாடியிலேயே அடித்துப் பார்த்தார். சிமெண்டுத் தரையில் முளை இறங்குமா? ஒரு முனையைத் தண்ணீர்த் தொட்டியிலும், ஒன்றைக் கொடிக்கம்பியிலும், ஒன்றை மாடிக் கைப்பிடியிலும் கட்டி, நாலாவது முனையைச் சாம்பசிவத்தின் கையில் கொடுத்தார். சாம்பசிவம் முக்கால் மணி நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டுச் சோணையம்மாள் எட்டிப் பார்த்து, பந்தல் போட்டிருக்கீகளே, என்ன விசேஷம் என்று விசாரித்தார். நாகஜோதி மட்டும் வடைத் தட்டை வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"இம்புட்டு வருசமா சுட்ட வடைய வரிசையா வச்சிருந்தா அருவி வரைக்கும் எட்டியிருக்கும்."

சூரியபிரகாஷும் சிரித்தார். அதுதான் இந்த இனத்தின் விசேஷம். தங்களைப் பற்றித் தங்களுக்கே நன்றாகத் தெரியும். காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்து, 'வந்துட்டாருய்யா மலையேறுற வீரரு' என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வார். கேலி செய்துகொண்டதாலேயே பாதிக் குற்றம் கழிந்துவிட்டதாக ஒரு நினைப்பு.

இந்த வருடம் விஷயம் மாறியது. சாம்பசிவத்துக்கு இடமாற்றல் வந்தது. அடுத்த தெருவுக்கோ திருச்சிக்கோ அல்ல, குவாஹாட்டிக்கு. ஆனி மாதக் கடைசியில் புறப்பட வேண்டும். அதற்குப் பிறகு மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ, அதற்குள் யார் முட்டி யாருக்கு ஒத்துழைக்குமோ. நாலு பேரும் சேர்ந்து அந்த அருவியில் நனைவது என்றால் இப்போதுதான், இல்லையென்றால் இல்லை. இதைச் சூரியபிரகாஷ்தான் முதலில் சொன்னார். சந்தேகத்துக்குரிய அந்த ஆனி மாதத்திலேயே ஒரு சனிக்கிழமையைக் குறித்தார். நோட்டில் இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை வரை எல்லாம் சரியாக நடந்தது. பைகள் கூடத்தில் வரிசையாக நின்றன. அப்போது அவர் கைப்பேசியில் வானிலை பார்த்தார். மழைக்கு நாற்பது சதவீத வாய்ப்பு என்றிருந்தது. மழை பெய்யாமலிருக்க அறுபது சதவீத வாய்ப்பு என்றும் அதைப் படிக்கலாம். ஆனால் அப்படிப் படிக்கத் தெரிந்தவர் அவருக்குள் இல்லை. 'பாதுகாப்புக் கருதிச் சில நாள் தள்ளி வைக்கப்படுகிறது' என்று வாட்ஸப் குழுவில் போட்டார். ஒரே நிமிடத்தில் மூன்று பேரும் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்கள். அவர் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். பதினோரு ஆண்டுகளில் எந்தச் செய்திக்கும் அவர்கள் இவ்வளவு சீக்கிரம் பதில் போட்டதில்லை.

அந்த ஞாயிறு மூவருக்குமே ஏதோ வேலை, மாடிக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, அதாவது மழை பெய்யாத அந்தச் சனிக்கிழமை கழிந்து எட்டு நாள், மாடியில் கூட்டம். சாம்பசிவத்துக்கு வியாழக்கிழமை ரயில். சூரியபிரகாஷ் புதிதாக வரைந்த வழிப்படத்தை விரித்து, வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து நடை நாலு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடலாம் என்று விளக்கினார்.

"நாலு இல்ல மாப்ள, ஏழு" என்றார் காசிமாயன், வாயில் வடையோடு. "அதுலயும் கடைசி ஒண்ணு பாறையப் பிடிச்சு ஏறணும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். தங்கப்பாண்டி தண்ணீர்த் தொட்டியை ஆராய்ந்தார். சாம்பசிவம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். வெயிலில் கருத்திருந்த அவர் மூக்கையும், தங்கப்பாண்டியின் முழங்காலில் இருந்த சிராய்ப்பையும் சூரியபிரகாஷ் அப்போதுதான் பார்த்தார்.

தங்கப்பாண்டிதான் மெதுவாக உடைத்தார். "போன வாரம் போயிட்டு வந்துட்டோம்ணே. அருவிக்குப் பக்கத்துத் தோட்டக்காரர்ட்ட காசியண்ணே போன்ல ஒரு வார்த்த கேட்டாரு. வாங்கன்னுட்டாரு."

ஒரே ஒரு வார்த்தை, போனில்.

சூரியபிரகாஷுக்கு வலித்தது. அவர்கள் மேல் கோபப்படவும் வழியில்லை. தள்ளிவைத்த செய்தியை அனுப்பிய விரல் அவருடையது. அதைவிட மோசம், ஏன் அனுப்பினார் என்பது அவருக்குத் தெரியும். மழைக்காக இல்லை. பதினோரு ஆண்டாக இந்த மூன்று பேரும் ஞாயிறுதோறும் இந்த மாடிக்கு வருவது அருவிக்குப் போவதைப் பற்றிப் பேசத்தான். போய்விட்டு வந்துவிட்டால் அப்புறம் எதற்கு வருவார்கள்? அந்தப் பயம்தான் அன்று அவர் கைப்பேசியில் நாற்பது சதவீதமாகத் தெரிந்தது. வழிப்படத்தை மடித்துக்கொண்டே கேட்டார்.

"தண்ணி எப்படி இருந்துச்சு?"

"பல்லு கிட்டிப் போச்சு" என்றார் சாம்பசிவம். "நீ இருந்திருந்தா நேரம் பார்த்து வெளிய வரச் சொல்லியிருப்ப. சொல்ல ஆளில்லையா, ரெண்டு மணி நேரம் நின்னுட்டோம். பூரா உன்னப் பத்தித்தான் பேச்சு."

காசிமாயன் சட்டென்று, "இப்ப என்ன, நாளைக்குக் காலைல கிளம்புவோம். செவ்வாக்கிழமை இவனைக் கொண்டாந்து வீட்ல விட்டுருவோம். சரின்னு ஒரு வார்த்த சொல்லு மாப்ள" என்றார். அஞ்சு மணிக்கே வண்டியோட வாரேன் என்றார் தங்கப்பாண்டி. சாம்பசிவம் மூட்டை கட்டும் வேலை பாதியில் கிடக்கும் மனிதர், அவரும் தலையாட்டினார். படிக்கட்டில் வந்து நின்ற நாகஜோதி, நாளைக்கு லீவு சொல்லிக்கலாம், பை இன்னும் கூடத்துலதான் இருக்கு என்றார். மூன்று சிநேகிதர்களும் ஒரு மனைவியும் ஒரு மனிதனைத் தூக்கி வண்டியில் வைக்காத குறை. சூரியபிரகாஷுக்குக் கண் கலங்கிவிட்டது. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"ஏழு கிலோமீட்டர்னா பட்டியலையே மாத்தணுமேப்பா. ஒரு வாரம் டைம் குடுங்க."

சாம்பசிவம் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அதில் துளிக் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. வியாழக்கிழமை ரயில் நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றவர் சூரியபிரகாஷ். பெட்டி எந்த இடத்தில் நிற்கும், எந்தப் பையை எந்த இருக்கைக்குக் கீழே வைக்க வேண்டும், எல்லாம் அவர் திட்டம் போட்டபடியே பிசகில்லாமல் நடந்தது. ரயில் கிளம்பிய பிறகு மற்ற இருவரும் வெளியே வந்துவிட்டார்கள். அவர் மட்டும் வெகுநேரம் நடைமேடையில் நின்றிருந்தார்.

இதையெல்லாம் எழுதுகிறவன் மட்டும் யோக்கியனா என்று கேட்பீர்கள். இந்தக் கட்டுரையை அந்த அருவிக்கரையில் உட்கார்ந்து எழுதுவது என்றுதான் திட்டம். நான்கு ஆண்டுகளாக நல்ல பேனா ஒன்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். கடைசியில் வீட்டிலேயே, மின்விசிறிக்குக் கீழே எழுதி முடித்தேன்.

நீங்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். 'மழை விடட்டும், கண்டிப்பா போறோம்' என்று ஒருத்தரிடம் சொல்லி வைத்திருக்கிறீர்களே, அவர் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறாரா என்று ஒரு தடவை போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.