மாமா அனுப்பிய வேனும் மண்ணாய்ப் போன என் தேர்தலும்

நெய்வேலி,
தை 7

முத்தாண்டிக்குப்பம் மாமா அவர்கள் சமூகத்துக்கு மருமகன் சடையப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அங்கு தாங்களும் அத்தையும் நலமாயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

எங்கள் பிளாக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதவிக்கு நான் நின்றது தங்களுக்குத் தெரியும். ஊரை மறப்போம், நாட்டை நினைப்போம் என்று குவார்ட்டர்ஸ் முழுக்க வீடு வீடாய்ப் பேசினேன், கேட்டார்களா? தேதி குறிக்கும் பொறுப்பு என்னுடையது. செப்டம்பரில் வைக்கலாம் என்றால் என்னை எதிர்த்து நின்ற பாலக்காட்டு ஹரி ஓணத்துக்கு ஊருக்குப் போகணும் என்றார், அக்டோபர் என்றால் ஆந்திராக்காரர்களுக்குத் தசரா, நவம்பரில் பீகார்க்காரர்களுக்குச் சத் பூஜை, டிசம்பரில் பாதிப் பேர் சபரிமலைக்கு மாலை. அவனவன் ஊர்த் திருவிழாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினால் தேசம் எங்கே மாமா உருப்படும்? ஒரு பிளாக்குக்கே இந்தக் கதி என்றால் டெல்லியில் ஆட்சி நடத்துகிறவன் பாடு என்ன? வயிற்றெரிச்சலோடு ஷிப்ட் அட்டவணையைப் பார்த்து, எவனுக்கும் பண்டிகை இல்லாத நாளாக ஜனவரி பத்தொன்பதைக் குறித்தேன்.

அது தை ஐந்து என்று சொல்ல ஒரு நாதி இல்லை. காலையில் ஓட்டுப்பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்தால் தாங்கள் அனுப்பிய வேன் நிற்கிறது. பிளாக்கில் இருக்கிற நம் பக்கத்து ஆட்கள், நான் நின்றதே அந்த ஓட்டுகளை நம்பித்தானே, அத்தனை பேரும் சோற்று மூட்டையோடு தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றுத் திருவிழாவுக்கு ஏறிக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் மகள் தமயந்தி முன் சீட்டில். ஓட்டைப் போட்டுவிட்டாவது போ என்று கெஞ்சினேன்.

"சாமியே ஆத்துக்கு வந்துகினு இருக்குது, உங்க பொட்டி எங்க ஓடியா பூடும்?" என்றாள்.

பெட்டி ஓடவில்லை மாமா, பதவிதான் ஓடிவிட்டது. ஹரி ஜெயித்துவிட்டார். எனக்குப் பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. நாட்டைவிட ஆறு பெரிதாகப் போய்விட்டதா உங்களுக்கெல்லாம்? பெண்ணைக் கொடுத்த கையாலேயே வேனையும் அனுப்பிக் கவிழ்த்தீர்களே, இது அடுக்குமா?

அத்தைக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசிகள். வேன் டிரைவருக்கு ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
மனம் நொந்த மருமகன்
சடையப்பன்

பி.கு.: உன் ஓட்டாவது எங்கே என்று அத்தை கேட்பார்கள். இவர்களை இறக்கிக் கூட்டிவரத்தான் நானும் வேனில் ஏறினேன்; ஏறினவன் ஆற்றில்தான் இறங்கினேன். மணலில் ஊர் ஊராய் வந்த சாமிகள் வரிசையாக நிற்க, திருவிழாவில் விற்ற சுருளிக்கிழங்கைத் தின்றுகொண்டு உட்கார்ந்ததில் பெட்டி ஞாபகமே வரவில்லை. அடுத்த தேர்தலை எப்போது வைக்கலாம் என்று ஹரி நேற்று வந்து கேட்டார். எந்த நாளில் வேண்டுமானாலும் வையுங்கள், தை ஐந்தை மட்டும் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.