எட்டுச் சானல் பெட்டியும் என் சம்பந்தியும்

எலக்ட்ரீஷியன் வீட்டு வயரிங்கைப் பார்த்த எவரும் அவனை வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். என் வீட்டில் கூடத்து ஃபேனைப் போட அடுக்களைக்குப் போக வேண்டும். ஊருக்கெல்லாம் விளக்கு கட்டுகிறவனுக்குத் தன் வீட்டில் வயர் இழுக்க எங்கே நேரம்?

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஹோட்டலில் மேசை துடைக்க வந்தவன், பழவங்காடியில் சொந்தமாக லைட்டு, மைக்செட் கடை போட்டேன். கரமனையில் வீடு கட்டினேன். இதையெல்லாம் நானே சொல்லக் கூடாதுதான். (வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே.)

அன்றெல்லாம் ஓடுகிற லைட்டுக்கு உருளைதான். மர உருளையில் பித்தளைத் தகடுகளை அடித்து மோட்டாரில் சுற்றவிட்டால், தகடு எங்கே உரசுகிறதோ அந்த வரிசை பல்புகள் எரியும். தகடு அடிக்கிற கணக்கில் மயில் தோகை விரிக்கும், சக்கரம் சுழலும். வேகம் கூடிப்போனால் உருளையை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தால் போதும். இந்தக் கையால் நான் நிறுத்தாத மயில் இந்த ஊர்த் திருவிழாக்களில் கிடையாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எட்டுச் சானல் பெட்டி வந்தது. டிபன் டப்பா அளவுதான். எந்த வரிசை எப்போது எரிய வேண்டும், எத்தனை மணிக்குத் தானாகத் தொடங்க வேண்டும் என்று பட்டனை அமுக்கி அமுக்கிச் சொல்லிக் கொடுத்தால் அதன்படி ஆடும். கூடவே இங்கிலீஷில் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதை, பெட்டி ஆடாமல் இருக்க அடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் திருவோணத்தன்று என் மகள் கலாவைப் பெண் பார்க்க நாகர்கோவிலிலிருந்து வருவதாக இருந்தது. மாப்பிள்ளை காலேஜ் வாத்தியார். அவர் அப்பா ஹெட்மாஸ்டர். நல்ல குடும்பம், நல்ல பையன், கலாவுக்கும் போட்டோ பிடித்திருந்தது. சிக்கல் எனக்குத்தான். வாத்தியார் என்றாலே எனக்கு முட்டி போட்ட ஞாபகம்தான் வரும். அவர்கள் வாயைத் திறந்து படிப்பைப் பற்றிக் கேட்பதற்குள் அசத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஓண வாரத்தில் ஊரே சீரியல் செட்டு போட்டு மினுங்கும். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் வீட்டு அலங்காரத்துக்குப் போட்டி வேறு உண்டு. ஒரே கல்லில் கோப்பையும் மாப்பிள்ளையும்.

எட்டுச் சானலுக்கும் தனித்தனியாக வயர் இழுக்கச் சோம்பல். கூடம், படுக்கையறை, அடுக்களை, குளியலறை என்று ஏற்கெனவே லைன் போகிறதே? அந்த லைன்களையே பெட்டி வழியாக விட்டு, அந்தந்த ஜன்னலுக்கு வெளியே சீரியல் செட்டைக் கோத்துவிட்டேன். ஓடும் அலை என்று ஒரு புரோகிராம் போட்டேன். வீட்டின் இடது கோடியிலிருந்து வலது கோடிக்கு வெளிச்சம் ஓடும், பிறகு திரும்பி வரும்.

என் மனைவி பகவதி வந்து பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, வெளிய லைட்டு ஓடுனா உள்ள இருக்க லைட்டும்லா சேந்து ஓடும்?"

"ஓடட்டும். ஏழு மணிக்குத்தான் ஆட்டம். அப்ப நாம எல்லாரும் ரோட்டுல நின்னு பாத்துக்கிட்டு இருப்போம். உள்ள இருட்டுனா யாருக்கு என்ன?"

"அவங்க அதுக்குள்ள வெளிய வரலன்னா?"

"கூட்டிட்டு வாறது எம்பொறுப்பு. நீ பாயசத்தப் பாரு."

மாடிப்படிக்கு அடியில் மெயின் சுவிட்சும் பெட்டியும் இருந்த தகர அலமாரியை யாரும் தொடாதபடி பூட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். பிறகு விருந்தாளிக்காகப் பட்டுச் சட்டைக்கு மாறினேன். (சாவி மாறவில்லை.)

நாலு மணிக்கு வர வேண்டியவர்கள் ஓண நெரிசலில் மாட்டி ஆறரைக்கு மேல்தான் வந்தார்கள். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஹெட்மாஸ்டர் கேட்ட முதல் கேள்வி:

"அண்ணாச்சி எது வரைக்கும் படிச்சிருக்கிய?"

"நான் படிச்சத விடுங்க சார். நான் சொல்லிக்கொடுத்து ஒரு பெட்டி படிச்சிருக்கு, தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். உருளையில் தொடங்கி மயில், சக்கரம், எஞ்சினியர்கள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்டது (ஒருவர்தான் வந்தார், அதுவும் ஃபியூஸ் வயர் வாங்க) என்று போய்க்கொண்டிருந்தது பேச்சு. அடுக்களை வாசலில் நின்று பகவதி கண்ணை உருட்டினாள். என் பேச்சில் சொக்கிப்போய்விட்டாள் என்று நினைத்து இன்னும் குரலை உயர்த்தினேன்.

ஹெட்மாஸ்டர் தாங்க முடியாமல் எழுந்தார். "பாத்ரூம் எங்க இருக்கு அண்ணாச்சி?"

அவர் உள்ளே போய்த் தாழ் போட்டார். கலா பாயசத் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். மணி ஏழு.

கூடம் இருண்டது. படுக்கையறை எரிந்தது. அது அணைந்து அடுக்களை எரிந்தது. மறுபடி கூடம் எரிந்தபோது கலா நடுக்கூடத்தில் நின்றாள். இருட்டு. அடுத்த வெளிச்சத்தில் தட்டு மாப்பிள்ளையின் மூக்குக்கு நேரே இருந்தது. இருட்டு. அதற்கடுத்த வெளிச்சத்தில் மாப்பிள்ளையின் அம்மா நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

குளியலறையிலிருந்து குரல் வந்தது. "அண்ணாச்சி! லைட்ட அணைக்காதீங்க!"

"நான் அணைக்கல சார்! புரோகிராம் அணைக்குது!"

"அப்ப அதுகிட்டச் சொல்லுங்க! தாழ்ப்பாள் தெரியல!"

தகர அலமாரியிடம் ஓடினேன். பழக்க தோஷம், உள்ளங்கையை வைத்து அமுக்கினேன். உள்ளே உருளை இருந்தால்தானே நிற்கும்? சாவி நினைவுக்கு வந்தது. கழற்றிய சட்டையை எங்கே போட்டேன்? படுக்கையறைக்குப் பாய்ந்தேன். நான் நுழைய, வெளிச்சம் அடுக்களைக்குப் போனது. அடுக்களைக்குத் துரத்தினேன், அது குளியலறைக்குப் போனது. நான் போட்ட அலை, என்னைவிட ஒரு அறை முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது மட்டும் எதிரெதிரே சந்தித்துக்கொண்டோம். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு நொடி நான், என் தொந்தி, என் பட்டுச் சட்டை.

ரோட்டில் கூடியிருந்த கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது.

"மாவேலி! மாவேலி ஓடுந்நு!" என்று ஒருவர் கத்தினார். ஓணத்துக்குப் பாதாளத்திலிருந்து வீடு வீடாக வரும் மாவேலிக்கு, அதாவது மகாபலி ராஜாவுக்கு, இந்த ஊர்ப் படங்களில் பெரிய தொந்தி உண்டு. ராஜா ஜன்னல் ஜன்னலாக ஓடுவதைப் பார்த்து ஜனங்களுக்கு ஒரே குஷி. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது உள்ளே தெளிவாகக் கேட்டது: "அண்ணாச்சி ஆளையும் புரோகிராம் செய்து கேட்டோ! சவுண்டும் உண்டு!" (நான் ஓடுவதும் புரோகிராமில் சேர்த்தியாம்.)

அந்தச் சவுண்டு ஹெட்மாஸ்டருடையது. குளியலறையில் ஒரு வாளி உருண்டது, பிறகு ஏதோ பெரிதாக உருண்டது.

சட்டென்று "டங்" என்று ஒரு சத்தம். வீடு மொத்தமும் இருண்டது. பகவதி அம்மிக்குழவியால் பூட்டை உடைத்து மெயினை இறக்கிவிட்டாள். இருட்டில் இன்னொரு "டங்" கேட்டது. பூட்டுக்கு ஒரு அடி போதும். இரண்டாவது எதற்கு என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்தேன், கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

குத்துவிளக்கை ஏற்றினாள் பகவதி. அது ஓடாமல் ஒரே இடத்தில் நின்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் முழங்கால் வரை ஈரமாக ஹெட்மாஸ்டர் வந்து நின்றார். நெற்றியில் ஒரு புடைப்பு. நான் வாயைத் திறந்தேன், பகவதி பார்த்தாள், மூடிக்கொண்டேன். கலாவைப் பார்த்தேன். தட்டு இன்னும் கையில் இருந்தது. என் வாய்ச் சவடாலில் இவள் கல்யாணம் போச்சே என்று அப்போதுதான் உறைத்தது. அவளோ உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எதிரே மாப்பிள்ளையும் அதே நிலைமை. யார் முதலில் வெடித்தது என்பதில் இன்றும் அவர்களுக்குள் சண்டை.

"லைட்டு வந்தப்பல்லாம் அந்தப் பிள்ள சிரிச்சுக்கிட்டேதான் இருந்துச்சுப்பா" என்றான் பையன். பெண் பிடித்திருக்கிறது என்பதை அவன் சொன்ன விதம் அது.

ஹெட்மாஸ்டர் ஒரு டம்ளர் பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "எங்களுக்குச் சம்மதம் அண்ணாச்சி. நகை, சீர் எல்லாம் உங்க இஷ்டம். கல்யாணத்துக்கு லைட்டு மட்டும் நாங்க பாத்துக்கிடுதோம்."

பாதி ஊருக்கு லைட்டு போட்ட நான், சொந்த மகள் கல்யாணத்தில் யாரோ ஒருவன் கட்டிய சீரியல் செட்டின் கீழே நின்று தாம்பூலம் கொடுத்தேன். அதில் ஒரு வரிசை எரியவே இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. (பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் மட்டும் சொன்னேன்.) அந்த ஓணத்துக்குச் சங்கத்தில் எனக்குத்தான் முதல் பரிசு. ஓடுகிற மாவேலியை அடுத்த வருஷமும் வைக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

சம்பந்தி இப்போதும் வந்து தங்குவார். கைப்பையில் டார்ச் இருக்கும். பட்டப்பகலில் குளியலறைக்குப் போனாலும் அதை எடுத்துக்கொண்டுதான் போவார். போன ஓணத்துக்குக் கண் ஆபரேஷன் முடித்து வந்திருந்தார்.

"இப்ப எல்லாம் பளிச்சுன்னு தெரியுதா சார்?" என்று கேட்டேன்.

"நல்லாத் தெரியுது அண்ணாச்சி" என்றவர், டார்ச்சை ஒருதரம் அடித்துப் பார்த்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார்.