சத்தியத்துக்கு முந்தின சனிக்கிழமை

இனி சாகும்வரை குடிப்பதில்லை என்று முடிவெடுத்த ஜாஸ்பர், அந்த முடிவைக் கொண்டாட ஒரே ஒரு தடவை குடித்துவிடுவது என்றும் கையோடு முடிவெடுத்தார்.

கம்பத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஜாஸ்பருக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஒரே ஆசைதான் மிச்சம். அவர்கள் சபையின் செயலாளர் ஆக வேண்டும். கடையிலும் வீட்டிலும் அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. செயலாளர் ஆகிவிட்டால் ஞாயிற்றுக்கிழமையாவது மைக்கில் பேசலாம், முந்நூறு பேர் எழுந்து போக வழியில்லாமல் கேட்பார்கள். தேர்தல் வருகிற ஞாயிற்றுக்கிழமை. நிற்கிறவர் அன்று காலை பைபிள் மேல் கைவைத்து, எனக்குக் குடிப்பழக்கம் இல்லை என்று சபை முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். அது அந்தச் சபையின் வழக்கம். சனிக்கிழமையோடு விட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சொல்வது உண்மைதானே என்பது ஜாஸ்பரின் வாதம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு வீட்டிலிருந்து ஒருவர்தான் நிற்கலாம். அவர் மனைவி ஜெபஷீலா பள்ளிக்கூட டீச்சர், பதினொரு வருஷமாகச் சபையின் பெண்கள் ஐக்கியத்தை நடத்துகிறவள். இந்தத் தடவை தானே நிற்பதாகத்தான் இருந்தாள். ஒரு மாதத்துக்கு முன் ஜாஸ்பர் சபையார் முன்னிலையில், "அவளுக்கு எதுக்கு இந்த வேலை, வீட்டுக்கு ஆம்பளன்னு நான் இருக்கேன்ல" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். ஜெபஷீலா சிரிக்கவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் தான் ஜெயித்த ஒரே சண்டை என்று அதை மனதில் குறித்துக்கொண்டார் ஜாஸ்பர்.

சனிக்கிழமை சாயங்காலம், குமுளியில் ஒரு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க அளவு பார்க்கணும் என்றார். யார் வீடு என்றுகூட அவள் கேட்கவில்லை. மலையில் குளிரும், போய்விட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். தயார் செய்து வைத்திருந்த மூன்று பொய்கள் வீணாகிப்போனதில் அவருக்கு வருத்தம்தான்.

குமுளியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மலையேறி எல்லையைத் தாண்டினால் கேரளா. வேறு மாநிலம், வேறு பாஷை, கம்பத்துக்காரன் ஒருத்தன் கண்ணிலும் படாமல் குடிக்கலாம். கம்பத்தில் குடிக்கிற மரியாதைப்பட்டவர்கள் அத்தனை பேருக்கும் இதே யோசனைதான் வரும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

பார் சின்னது. எட்டு மேஜை. மூலையில் பலகை போட்டு நாலு பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு உள்ளூர் பேண்ட் உண்டு. வேண்டிய பாட்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் பேர் சொல்லிப் பாடுவார்கள். ஜாஸ்பர் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார். முதல் கிளாஸில் பாட்டு நன்றாக இருந்தது. இரண்டாவதில் தானே பாடலாம் போல் இருந்தது. இத்தனை வருஷம் வாயைத் திறக்காமலே வாழ்ந்துவிட்டோமே என்று அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், தொப்பி போட்டுக் கீபோர்டு வாசிக்கிற ஆள் அவர்கள் சபையில் கீபோர்டு வாசிக்கும் வினோத்ராஜ்.

வினோத்ராஜும் பார்த்துவிட்டான். ஜாஸ்பர் பயந்தது அரை நிமிஷம்தான். அவன் நம்மைக் காட்டிக்கொடுத்தால் தன்னையும் காட்டிக்கொடுக்க வேண்டும், பாரில் வாசிக்கிறவனைச் சபையில் வாசிக்க விடுவார்களா என்று கணக்குப் போட்டு, நிம்மதியாக மூன்றாவது கிளாஸ் சொன்னார்.

பாட்டுக்காரன் ஒரு சீட்டைப் பிரித்தான்.

"அடுத்த பாட்டு கம்பம் பெயிண்ட் கடை ஜாஸ்பர் அண்ணாச்சிக்கு. கேட்டிருக்கது அவுக வீட்டம்மா, ஜெபஷீலா டீச்சர்."

எட்டு மேஜையில் ஆறு மேஜை திரும்பியது. ஆறும் கம்பம். அவர் பெயரைத் தேர்தலுக்கு முன்மொழிந்த முப்பது வருஷச் சிநேகிதர் ஞானசிகாமணியும் ஜன்னலோரம் மீன் வறுவலோடு இருந்தார்.

பாட்டு முடிந்ததும் வினோத்ராஜ் ஒரு கவரோடு வந்தான். அவன் இங்கே வாசிப்பது டீச்சருக்கு இரண்டு வருஷமாகத் தெரியுமாம், சபைப் பெரியவர்களிடம் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்ததே அவள்தானாம். சத்தியத்துக்கு முந்தின சனிக்கிழமை இவர் இங்கேதான் வந்து நிற்பார் என்று பாட்டுச் சீட்டையும் கவரையும் முன்கூட்டியே கொடுத்து வைத்திருந்தாளாம்.

"நாளைக்கு நீங்க பைபிள் மேல கை வச்சா, இங்கன இருக்கவுகள்ல பாதிப்பேரு அங்கன முன் பெஞ்சுல இருப்பாக அண்ணாச்சி. இதையும் டீச்சர் சொல்லச் சொன்னாக."

கவரில் இரண்டு தாள். ஒன்று, போட்டியிலிருந்து ஜாஸ்பர் விலகிக்கொள்வதாகக் கடிதம். இன்னொன்று ஜெபஷீலாவின் மனு. மனு கொடுக்க நாளைக் காலைவரை நேரம் இருந்தது. முன்மொழிகிறவர் என்ற இடத்தில் ஜாஸ்பர் பேரை எழுதிக் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள். தேதி ஒரு மாதத்துக்கு முந்தியது, சபையில் நாலு பேர் சிரித்த அதே நாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவள் உட்கார்ந்து எழுதியதை அவர் பார்த்தார். பாடக்குறிப்பு என்று நினைத்தார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டுவதற்குக்கூட லாயக்கில்லாதவன் என்று தள்ளிவிட்டாளே என்பதுதான் மூன்று கிளாஸையும் மீறிக் கசந்தது. அதற்கு மேல் மனுவைப் படிக்க முடியாமல் கண்ணை நீர் மறைத்தது.

ஞானசிகாமணி எழுந்து பக்கத்தில் வந்தார். நீயாவது ஒரு வழி சொல்லு என்று மனுவை அவரிடம் நீட்டினார் ஜாஸ்பர்.

சிநேகிதர் அதை வாங்கிப் படிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

"வழிமொழியுறதுக்கு நான் அன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டேன் மாப்ள. ஒன்னோடதுதான் பாக்கி."