பந்துக்குக் காம்பு தேடியவன்

“மில் மைதானம். பந்து ஒன்று வந்தது. பிடித்தேன். வைத்தேன். தோற்றோம்.”

1962-ஆம் ஆண்டு என் நாட்குறிப்பில் உள்ள வரி இது. வைகாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை என்பது வரை நிச்சயம். தேதியின் மேல் மாம்பால் கறை படிந்துவிட்டது. (எதையும் தேதியோடு எழுதுகிறவனுக்கு வந்த சோதனையைப் பாருங்கள்.)

திண்டுக்கல்லில் ஒரு நூல் மில்லில் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தேன். புது இயந்திரம் பூட்ட வந்த அமெரிக்கர் ஒருவரை நாங்கள் துரை என்போம். தன் நாட்டில் மூன்று வருஷம் சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடியவராம். மைதானத்தின் கடைக்கோடியில் நின்று, உயரத்தில் வரும் பந்தைப் பிடிப்பது அவர் வேலை. முழங்கால் போனதும் இயந்திரத்துக்கு வந்துவிட்டார். வெள்ளைக்காரர் ஆட்டமென்றால் எங்களுக்குக் கிரிக்கெட்தான். ஆனாலும் அவர் மில்லுக்கு ஒரு பேஸ்பால் அணி சேர்த்தார்.

ஒரு விடுமுறை நாளில் பழம் வாங்க எங்கள் ஊரான நத்தத்துக்கு வந்தவர், எங்கள் மாந்தோப்பில் என்னைப் பார்த்துவிட்டார். மரத்திலிருந்து போடும் காயை மடித்த சாக்கில் வாங்கி, பால் வடியக் காம்பைக் கீழாக்கி, வைக்கோலில் அடிபடாமல் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு காயும் தவறவில்லை. துரை பழத்தை மறந்துவிட்டு என்னை அணியில் சேர்த்தார்.

பள்ளி ஆசிரியர்களோடு ஆட்டம் என்று முடிவானது. ஆடுகிறவர்களுக்கு அன்றைய கூலி உண்டு என்றார் மேனேஜர். (ஆக, நானும் தொழில்முறை ஆட்டக்காரன்!) ஜெயித்தால் என் வேலையை நிரந்தரமாக்குவதாகவும் சொன்னார். எனக்கு அதுதான் உயிர். ஏனென்றால், என் தாய்மாமன் சின்னச்சாமி தன் மகள் பாக்கியத்தை எனக்குக் கட்டிக்கொடுக்கும் பேச்சு வரும்போதெல்லாம், “மொதல்ல வேல நெலைக்கட்டும் அப்பு. பரிசம் எங்க ஓடிரப் போகுது?” என்பார். மாமா சாணார்பட்டிப் பக்கம் தோப்புக் குத்தகைக்காரர். அன்று குடையோடு மைதானத்துக்கே வந்துவிட்டார்.

கடைசிச் சுற்று. நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். எதிரணியில் இருவர் பாதி தூரம் ஓடி வந்து, மீதியை ஓடக் காத்து நின்றார்கள். கணக்கு வாத்தியார் ஓங்கி அடித்தார். பந்து சூரியனுக்குள் போய் என்னை நோக்கி இறங்கியது. ஓடினேன். பிடித்துவிட்டேன்!

கிரிக்கெட்டில் இதோடு கைதட்டல். பேஸ்பாலில் பிடித்த கணத்திலிருந்து அவர்கள் ஓடலாம். பந்தை உடனே எறிய வேண்டும். துரை நூறு தடவை சொல்லியிருந்தார். கை கேட்டால்தானே? மெல்லக் குனிந்தேன். காம்பு எந்தப் பக்கம் என்று பந்தைத் திருப்பிப் பார்த்தேன். கிடைக்காததால், உத்தேசமாக ஒரு பக்கத்தைக் கீழாக்கிப் புல்லில் வைத்தேன்.

“ஏலே, எறிடா!”

“அடேய், ஆளு ஓடுதுடா! அங்க என்னலே அடுக்குற?”

நிமிர்ந்தபோது இருவரும் ஓடி முடித்திருந்தார்கள்.

துரை நொண்டி நொண்டி அவ்வளவு தூரமும் நடந்து வந்தார். திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். “நான் கடைசியாக ஆடிய நாளில் இதே மாதிரி ஒரு பந்து வந்தது. நான் விட்டுவிட்டேன்,” என்றார், நிதானமான ஆங்கிலத்தில். மேனேஜரோ, நிரந்தரத்தை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாமா முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. அவரே வந்தார்.

“வேல நெலைக்கல மாமா.”

“கெடக்குது விடு. அம்புட்டுப் பேரு கத்துறப்பவும் காய அடிபடாம எறக்குறவன்ட்ட புள்ளயக் குடுக்க எனக்கு என்ன பயம்?”

ஆவணியில் கல்யாணம். மூத்த மகளை முதன்முதலாக நான் தொட்டிலில் இறக்கியபோது, “வெரசாங்க, ஆளு ஓடுது!” என்றாள் பாக்கியம். இப்போது நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தால்கூடப் பேரப்பிள்ளைகள் அதையே கத்துகிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. ஆட்டத்துக்கு முந்தின வாரமே மாமா முகூர்த்தம் குறித்து வாங்கிவிட்டார் என்கிறான் என் மைத்துனன். மஞ்சள் தடவிய அந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது. அதில் கல்யாண நாள் இருக்கிறது. எழுதிய நாள் இல்லை. மாமா இன்று இல்லை. பாக்கியத்தைக் கேட்டால் சிரிக்கிறாள். ஆகவே, உறுதி செய்யப்படவில்லை என்றே குறித்து வைத்திருக்கிறேன்.