மூன்று பேஸும் ஒரு மாவு மில்லும்

மோட்டார் உறுமியதே தவிர சுற்றவில்லை. கிருஷ்ணவேணி ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் வார்னிஷ் கருகும் வாடை மில் முழுக்கப் பரவிவிட்டது. வரிசையில் நின்ற பெண்கள் ஊறவைத்து வடித்த அரிசிப் பாத்திரங்களோடு வாசலுக்கு நகர்ந்தார்கள். அந்த வாடை அவர்களுக்குப் புதிதல்ல. ஓணம் கழிந்த பிறகு மோட்டார் கருகுவது இது மூன்றாவது தடவை.

வலியசாலையில் அக்ரகாரத் தெரு முடிந்து கடைவீதிக்குத் திரும்பும் முனையில் இருந்தது அந்த மில். நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி வந்த கிருஷ்ணவேணி, கணவர் காலமான பின் தனியாளாக அதை நடத்திவந்தாள். பெண்கள் தெருவோரம் அடுப்பு மூட்டிப் பகவதிக்குப் பொங்கலிடும் ஆற்றுக்கால் பொங்காலை நெருங்கிக்கொண்டிருந்தது. இலையில் பொதிந்து அவிக்கிற தெரளிக்கு அரிசி மாவு, மண்டைப்புட்டுக்குப் பயறு மாவு என்று தெருவே அவள் மில்லைத்தான் நம்பியிருக்கும். இந்த வருஷம் அந்த நம்பிக்கை அடுத்த தெரு வேலாயுதன் மில்லுக்குப் போய்விடும் போலிருந்தது. அவன் ஏற்கெனவே, அந்த மில்லுக்கு ராசி போய்விட்டது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மோட்டாரைக் கழற்றிப் பார்த்தவன் கோலப்பன். மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் கெட்டிக்காரன். பேசுவதில் அதைவிடக் கெட்டிக்காரன். உள்ளே மூன்று சுருள்களில் இரண்டு கரியாகியிருந்தன. மூன்றாவது புதிதாகக் கட்டியது போலப் பளபளத்தது.

"ஒரு பேஸ் வரல்ல அக்கா. மூணு பேரு தூக்குத அண்டாவ ஒருத்தன் விட்டுட்டாம்னா, மத்த ரெண்டு பேருக்கும் இடுப்பு போவும்லா? அதான் நடந்திருக்கு."

இதற்கு ஒரு பெட்டி இருக்கிறது என்றான் அவன். மில்லுக்குக் கரண்டு கொண்டுவரும் மூன்று கம்பிகளில், அதாவது மூன்று பேஸில், ஒன்று வராவிட்டாலும், ஒன்றுக்கொன்று வோல்டேஜ் அதிகம் வித்தியாசப்பட்டாலும் அது மோட்டாரை நிறுத்திவிடும். கிருஷ்ணவேணி யோசிக்கவே இல்லை. மோட்டார் புதுச் சுருளோடு திரும்பிய அன்றே பெட்டியும் சுவரில் ஏறியது. பச்சை விளக்கு எரிந்தால் ஓடலாம். சிவப்பு விளக்கு எரிந்தால் ஓடாது.

சிவப்பு விளக்குதான் எரிந்தது.

காலையில் கொஞ்ச நேரம் ஓடும். வெயில் ஏறியதும் பெட்டி 'டக்' என்னும், மில் நிற்கும். சிறிது கழித்துப் பச்சை வரும். பாதி மாவு இறங்குவதற்குள் மறுபடியும் 'டக்'. ஈர அரிசி காத்திருந்து புளிக்க ஆரம்பித்தது. முன்பு மோட்டார் கருகினால்தான் மில் நிற்கும், இப்போது கருகாமலேயே நிற்கிறது என்று ஒரு பெண் சொல்லிவிட்டு வேலாயுதன் மில்லைப் பார்த்து நடந்தாள். வேலாயுதன் தன் மில்லிலும் அப்படி ஒரு பெட்டி இருந்ததாகவும், தொல்லை தாங்காமல் அதைத் தாண்டி நேரே ஒயர் கொடுத்துவிட்டதாகவும் சொல்லியனுப்பினான். மில்லை நடத்துவது கிருஷ்ணவேணியா, பெட்டியா என்றும் கேட்டானாம்.

கோலப்பன் மீட்டரோடு வந்து மூன்று பேஸையும் அளந்தான். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பெயர் வைத்திருக்கும் அந்த மூன்றில் சிவப்பின் வோல்டேஜ் தரையோடு தரையாகக் கிடந்தது. மற்ற இரண்டும் எகிறி நின்றன. மின்சார அலுவலகத்தில் விசாரித்தபோது, டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்றும் ஒழுங்காகத்தான் புறப்படுகின்றன, உங்கள் தெரு வீடுகள்தான் ஒரே பேஸில் சாய்ந்து கிடக்கின்றன என்றார்கள்.

அது உண்மைதான். அந்தத் தெரு வீடுகளுக்கு மூன்று பேஸ் இணைப்பு இருந்தாலும், வீட்டுச் சாமான்கள் ஓடுவது ஏதாவது ஒன்றில்தான். எதில் என்பதை மீட்டர் அருகிலுள்ள திருகு சுவிட்ச் தீர்மானிக்கும். மாசி வெயிலுக்கு எல்லார் வீட்டிலும் ஏ.சி. ஓடியது. எல்லார் வீட்டுத் திருகும் சிவப்பைப் பார்த்து நின்றது.

கிருஷ்ணவேணி நேரே அம்மிணி மாமி வீட்டுக்குப் போனாள். தெருவின் நடுவீடு அது. மாமி காதில் போட்டது மதியத்துக்குள் கோயில் வாசல் வரை போய்விடும். அது தெரிந்தும், ஒரே தெருக்காரிதானே என்ற உரிமையில் விஷயத்தை மெதுவாகச் சொல்லி, மாமி வீட்டுத் திருகை மட்டும் நீலத்துக்கு மாற்றச் சொன்னாள்.

மாமி அப்போதே மாற்றினாள். ஃபேன் கொஞ்சம் வேகமாகச் சுற்றியது. மாமிக்கு முகம் மலர்ந்தது.

மறுநாள் பெட்டி காலையிலேயே 'டக்' என்றது. கோலப்பன் அளந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். இப்போது சிவப்பு எகிறி நின்றது. நீலம் தரையில் கிடந்தது. நீலத்தில் கரண்டு நன்றாக வருகிறதென்று தெரு முழுக்க ரகசியமாகப் பரவி, எல்லாரும் ரகசியமாக நீலத்துக்குத் தாவியிருந்தார்கள்.

கிருஷ்ணவேணி வீடு வீடாகப் போய், நீலத்தில் நெரிசல் அதிகம், பாதிப்பேர் மஞ்சளுக்குப் போங்கள் என்று கேட்டுக்கொண்டாள். பாதிப்பேர் யார் என்று அவள் சொல்லவில்லை. தான் அந்தப் பாதியில் ஒருவர் என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் நினைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் தெருவே மஞ்சளில் இருந்தது. கோடி வீட்டு சுமந்த், ஐ.டி. கம்பெனியில் இருப்பவன், புதிதாக வாங்கிய பேட்டரி காரையும் அதே மஞ்சளில் செருகியிருந்தான். தெருவிளக்கு கூட மங்கியது. பெட்டியின் சிவப்பு விளக்கு மட்டும் அணையவே இல்லை.

கோலப்பன் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தான்.

"பெட்டிய எடுத்துட்டு நேரா குடுத்துருவோம் அக்கா. பொங்காலை கழியட்டும், பொறவு மாட்டிக்கிடலாம். வேலாயுதனுக்கு ஓடல்லியா?"

கிருஷ்ணவேணிக்கு ஆசையாகத்தான் இருந்தது. வாசலில் பாத்திரங்கள் வரிசையாகக் காத்திருந்தன. அவற்றில் பாதி ஏற்கெனவே புளித்த வாடை வீசியது. ஆனால் அந்த வார்னிஷ் வாடை இன்னும் மூக்கிலேயே இருந்தது. இன்னொரு தடவை கருகினால் பொங்காலையோடு மில்லும் கழிந்துவிடும்.

"பெட்டி அங்கனயே இருக்கட்டும் கோலப்பா. அது ஒண்ணுதான் என்ட்ட உள்ளதச் சொல்லுது" என்றாள்.

கடைசியில் அம்மிணி மாமி வீட்டு முன்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். தலைமை குற்றாலலிங்கம் சார். கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். மூன்று பேஸுக்கும் இடையிலுள்ள கோணத்திலிருந்து தொடங்கினார். பஜ்ஜி வந்தபோது அவர் இன்னும் கோணத்திலேயே இருந்தார். தெருவை மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று அவர் முடித்ததும் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். யாருக்கு எது என்று வந்தபோது எல்லாரும் நீலம் கேட்டார்கள். சுமந்த் காரைக் காட்டித் தனக்கு முன்னுரிமை வேண்டுமென்றான். மாமி, நீலத்தைக் கண்டுபிடித்ததே தான்தான் என்றாள். வடக்கு வரிசைக்காரர்கள், மங்கலான சிவப்பைத் தங்கள் தலையில் கட்டப் பார்ப்பதாகக் கோபித்துக்கொண்டார்கள்.

கிருஷ்ணவேணி எழுந்து நின்றாள்.

"அப்பொ இந்த வருஷம் இந்தத் தெருவுக்குத் தெரளி கிடையாது. எல்லாரும் நீலத்துல ஃபேனப் போட்டு உக்காருங்க."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இந்தத் தெரு நியாயத்தைக் கேட்காது, ரகசியத்தைத்தான் கேட்கும். ஒரு ரகசியம் தெருவையே ஒரு பேஸுக்குத் தள்ளியது. மூன்று ரகசியங்கள் விட்டால்?

மறுநாள் காலை அவள் மில்லைத் திறக்கவில்லை. நல்ல புடவை உடுத்திக்கொண்டு வீடு வீடாக ஏறினாள்.

அம்மிணி மாமியிடம், சிவப்பு பகவதிக்கு உகந்த நிறம், பொங்காலை மாசத்தில் வீட்டுக் கரண்டு சிவப்பில் ஓடினால் கேட்டது நடக்கும் என்று ஆற்றுக்கால் பக்கத்துப் பெண்களெல்லாம் சொல்கிறார்கள், நீங்கள் வெளியே சொல்லிவிடாதீர்கள் என்றாள். மாமி கண்ணை மூடிக் கைகூப்பினாள். குற்றாலலிங்கம் சாரிடம், நீலம் விஷயம் தெரிந்தவர்களுக்கு மட்டுமே ஏற்றது, மற்றவர்களுக்கு அதைக் கையாளத் தெரியாது என்றாள். சார் மெதுவாகத் தலையாட்டினார். சுமந்துக்கு முன்நெற்றி ஏறத் தொடங்கியிருந்தது. அவன் மனைவி பிரேமாவையும் உட்காரவைத்துக்கொண்டு, நீலத்தில் ஓடும் ஏ.சி. காற்று முடியை உதிர்க்கிறதாம், மஞ்சளில் அந்தத் தொந்தரவு இல்லையாம் என்று ஆரம்பித்தாள்.

"அது எங்ஙனே ஆன்ட்டி?" என்றான் சுமந்த்.

"எனக்கு என்ன தெரியும் மோனே? கோலப்பன் தலையப் பாரு. எவ்வளவு முடி. அவன் வீடு மஞ்சள்."

சுமந்த் நெற்றியைத் தடவிக்கொண்டான். பிரேமா சட்டென்று எழுந்து காப்பி கலக்க உள்ளே போய்விட்டாள்.

இப்படியே தெருவின் இரு வரிசையிலும் அவள் ரகசியம் விதைத்துக்கொண்டு போனாள். ஒரு வீட்டில் மிக்சி, ஒரு வீட்டில் முழங்கால் வலி, ஒரு வீட்டில் பெண்ணின் ஜாதகம். எந்த வீட்டுக்கு எந்த நிறம் என்று மனதிலேயே கணக்குப் போட்டுக்கொண்டாள். எல்லாரும் அவள் சொன்னதை அமைதியாகக் கேட்டார்கள். ஒருவர்கூட வாதாடவில்லை. அக்ரகாரத்தில் அவள் அப்படி ஒரு காலையைப் பார்த்ததே இல்லை.

மில்லுக்குத் திரும்பினாள். கோலப்பன் மீட்டரை வைத்து அளந்தான், மறுபடி அளந்தான், மீட்டரைத் தட்டிவிட்டு இன்னொரு முறை அளந்தான். மூன்று பேஸும் தோளோடு தோள் நின்றன. பெட்டியில் பச்சை எரிந்தது. அவள் சுவிட்சைப் போட்டாள். மோட்டார் உறுமாமல், முனகாமல், ஒரே மூச்சில் சுற்றியது. உச்சி வெயில் ஏறியது, ஓடியது. சாயங்காலம் ஏ.சி.க்கள் தொடங்கின, ஓடியது. அரைத்த மாவு வெதுவெதுப்பாக இறங்க இறங்க, கிருஷ்ணவேணி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்சம் அழுதாள். மாவு கண்ணில் விழுந்துவிட்டது என்று கோலப்பனிடம் சொன்னாள்.

பொங்காலைக்கு முந்தின நாள் சாலையோரமெங்கும் பெண்கள் அடுப்புக்குச் செங்கல் அடுக்கி இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மில் வாசலில் வரிசை கடைவீதி வரை நீண்டது. அப்போது அலங்கார வளைவு கட்ட வந்த லாரியின் ஏணி தெருமுனை மின்கம்பத்தில் இடித்து, ஒரு பேஸ் கம்பி அறுந்து தொங்கியது.

பெட்டி 'டக்' என்றது. மோட்டார் நின்றது.

அடுத்த தெருவில் வேலாயுதனின் மோட்டார் நிற்கவில்லை. இரண்டு பேஸில் உறுமிக்கொண்டே இருந்தது. சிறிது நேரத்தில் காற்றில் அந்த வார்னிஷ் வாடை வந்தது. கிருஷ்ணவேணி தன் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தாள். சாதாரணச் சூடுதான்.

லைன்மேன் வந்து கம்பியைக் கட்டிவிட்டு இறங்கியதும் பெட்டியில் பச்சை வந்தது. மில் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டு வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அடுத்த தெரு வரிசையும் இங்கே வந்து சேர்ந்தது. கடைசியில் வேலாயுதனே தன் வாடிக்கையாளர்களின் அரிசிப் பாத்திரங்களைத் தலையிலும் இடுப்பிலுமாகச் சுமந்துகொண்டு வந்தான். கிருஷ்ணவேணி பாத்திரங்களை வாங்கி முதலில் அரைத்துக் கொடுத்தாள். போகும்போது அவன் பெட்டியை நின்று பார்த்தான். எந்தக் கடையில் கிடைக்கும் என்று கோலப்பனிடம் தணிந்த குரலில் கேட்டான். இந்தப் பெட்டியை யார் சொல்லியும் கழற்றக்கூடாது என்று தான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்ததாகக் கோலப்பன் அவனுக்கு விளக்கினான்.

வரிசையில் கடைசியாக நின்றவள் பிரேமா. அவளுடைய மாவை அளந்து போடும்போது கிருஷ்ணவேணிக்கு மனம் நிறைந்திருந்தது. ஊருக்கு நல்லதென்றால் கொஞ்சம் பொய் சொன்னாலும் பகவதி மன்னிப்பாள் என்று தோன்றியது. தெருவின் ஒற்றுமையை நினைத்தால் பெருமையாக இருக்கிறது, நான் சொன்னதை எல்லாரும் அப்படியே கேட்டுவிட்டீர்களே என்றாள்.

பிரேமா பாத்திரத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சிரித்தாள்.

"அன்னிக்குக் கூட்டத்துலேர்ந்து நீங்க எழுந்து போனேளே, அப்பவே அம்மிணி மாமி எல்லாரையும் உக்காத்திவச்சு தெருவை மூணாப் பிரிச்சுட்டா ஆன்ட்டி, ராத்திரியே எல்லாரும் திருகை மாத்தியாச்சு. காலம்பற நீங்க அவ்வளவு ஆசையா கதை சொல்ல வந்தேளா, வேண்டாம்னு சொல்ல ஒருத்தருக்கும் மனசு வரலை."