பன்னிரண்டு பாட்டும் அவருடைய கண்ணாடியும்

எனக்கு வயது எழுபத்தாறு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சொந்த வீடு. இவ்வளவும் செய்தவளுக்கு வாசிக்கத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? இலக்கம் தெரியும், எழுத்துத்தான் பிடிபடவில்லை. அதை மறைக்கப் போய்ப் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

கடைசி மகள் சுகந்தி மூன்று வருடமாக ஒரு பெடியனை விரும்பினாள். பெடியனின் தாய் வெருகலில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சர். பெண் பார்க்க வருமுன்பே அவர் சொல்லி அனுப்பினார்: "வசதி தேவையில்லை. பொய் சொல்லாத குடும்பமெண்டால் காணும்." அதற்கு நான் அனுப்பிய பதில், நான் எட்டாம் வகுப்புப் படித்தவள் என்பது.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, காலமாகிவிட்ட என் கணவருடைய கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டேன். (படித்த களை வரட்டும் என்றுதான்.) வந்தது தலைச்சுற்று. டீச்சர் இருந்த கதிரையிலேயே நானும் இருக்கப் பார்த்தேன்.

டீச்சருக்குப் பழைய பாட்டு விருப்பமாம். மூத்த மகன் சீடியை எடுத்தான். பழைய படங்களின் நல்ல பாட்டுகள் பன்னிரண்டைச் சேர்த்துப் போட்ட சீடி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டுதான் நான் சமைப்பது. மூன்றாம் பாட்டில் தேங்காய் துருவி முடியும். ஏழாம் பாட்டில் சோறு இறக்குவேன். வரிசை எனக்குத் தண்ணீர்பட்ட பாடு.

என்னை ஒருவரும் கேட்கவில்லை. நானாகவே சீடியின் அட்டையை வாங்கி, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, "என்னென்ன பாட்டெண்டு வாசிக்கிறன் டீச்சர்" என்று தொடங்கினேன். முதலாவது படகுப் பாட்டு, இரண்டாவது தாலாட்டு, மூன்றாவது மழைப் பாட்டு... விரலை வரி வரியாக இறக்கிப் பன்னிரண்டையும் சொல்லி முடித்தேன். டீச்சரின் முகம் மலர்ந்தது.

மகன் பொத்தானை அமத்தினான். படகுப் பாட்டு வரவில்லை. காதலி போய்விட்டாள் என்று யாரோ அழுதார்.

தேநீர்த் தட்டோடு வந்த சுகந்தி பாதி வழியில் நின்றுவிட்டாள். கோப்பைகள் கிணுகிணுத்தன.

"மெசின் பழுது டீச்சர். சிலவேளை மாறிப் பாடும்," என்றேன்.

மகன் அடுத்த பாட்டைப் போட்டான். (படுபாவி, நிப்பாட்டியிருக்கலாம்.) தாலாட்டுக்குப் பதிலாக ஒரு குடிகாரன் பாடினான்.

டீச்சர் கையை நீட்டினார். அட்டையைக் கொடுத்தேன்.

"இது இரண்டாம் பாகமெல்லோ?"

"ஓம் டீச்சர், உங்களுக்கெண்டு இண்டைக்குத்தான் வாங்கினனான்," என்றான் மகன் பெருமையாக. "அம்மா சொன்னது முதலாம் பாகத்தின்ரை வரிசை."

இரண்டுக்கும் ஒரே நீல அட்டை. மூலையில் பெரிதாக 2 என்று போட்டிருந்ததாம். அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கே தெரிந்திருக்கும்!

துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது. சுகந்தியின் கண் நிறைந்துவிட்டது. அதற்குமேல் என் பெருமை நிற்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினேன்.

"டீச்சர், எனக்கு வாசிக்கத் தெரியாது. எட்டாம் வகுப்பும் பொய். நான்தான் சொன்னனான், பிள்ளை இல்லை. அவளை வேண்டாமெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

டீச்சர் என்னையே பார்த்தார். "இது ரெண்டு பொய். மூண்டாவது ஏதும் இருக்கோ?"

"மெசின் பழுதெண்டது."

முதலில் அவருடைய தோள் குலுங்கியது. பிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது.

"பன்னிரண்டையும் விரல் வைச்செல்லோ வாசிச்சனீங்கள்! சரி, கலியாணம் நடக்கட்டும். ஆனால் பதிவுப் புத்தகத்திலை சாட்சிக் கையெழுத்து நீங்கள்தான் வைக்கவேணும். பெருவிரல் ஏலாது."

இரண்டு மாதம் குசினிச் சுவரில் அடுப்புக் கரியால் என் பெயரை எழுதிப் பழகினேன். பதிவன்று என் கையெழுத்து மாப்பிள்ளையின் பெயருக்கு மேலே ஏறிப் படுத்துக்கொண்டது. (கிடக்கட்டும்.) இன்றைக்கும் வீட்டில் யாராவது தெரியாததைத் தெரிந்ததுபோல அளந்தால், "அப்பாவின்ரை கண்ணாடியைக் கொண்டு வாங்கோ" என்பார்கள். முதலில் சொல்வது சம்பந்தி டீச்சர்தான்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவள் சுகந்தியின் மகள். அடியில் பெயரை மட்டும் நானே போட்டேன்.

"இஞ்சை வா பிள்ளை, எழுதினதை ஒருக்கா வாசி. கதை உனக்கு மனப்பாடமெண்டு தெரியும். எழுத்தைப் பாத்து வாசி."