லிஃப்ட்காரர் ஏறிப் பார்த்த ஆஸ்பத்திரி

இதை எனக்கு முதலில் சொன்னது அந்த லிஃப்ட்காரரேதான். போன மழைக்காலத்தில் ஒரு நாள் எங்கள் கட்டடத்து லிஃப்ட் பாதி வழியில் மூச்சை விட்டுவிட்டது. அவர் வந்து சரிபண்ணிவிட்டு, கை துடைக்க ஒரு கந்தல் துணி கிடைக்குமா என்று எங்கள் கதவைத் தட்டினார். துணி கொடுத்தேன், தண்ணீரும் கொடுத்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து, சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு முழுக் கதையும் சொன்னார். சிரித்தது நான்தான். அவர் போன பிறகு அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

லிஃப்ட்காரருக்குத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்த லிஃப்டில் முதல் ஆளாக அவரே ஏறுவார். உச்சி வரை போய், கீழே வந்து, கதவைத் திறந்து, "இனி நீங்க ஏறலாம்" என்று கையைக் காட்டுவார். அதற்கு முன்னால் கட்டடச் சொந்தக்காரரே வந்து நின்றாலும் உள்ளே விடமாட்டார். "வேலை செஞ்சவன் ஏறலேன்னா அடுத்தவங்களை எப்படி ஏறச் சொல்றது?" என்று கேட்பார். கேட்காதவர்களிடமும் கேட்பார். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரிடம்கூடக் கேட்டிருக்கிறார்.

எத்தனை மாடி உயரமானாலும் அவருக்குப் பயம் கிடையாது. பயமெல்லாம் விரல் நீளக் கத்திக்குத்தான். அவருடைய அண்ணன், "சின்ன ஆபரேஷன்தான்டா, சாயங்காலம் டீ குடிக்க வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர். சாயங்காலம் வந்தார். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து லிஃப்ட்காரர் ஆஸ்பத்திரி இருக்கும் தெருவிலேயே நடக்கமாட்டார். அந்தத் தெருவில் லிஃப்ட் கெட்டால், அது கெட்டது கெட்டதுதான்.

இப்படிப்பட்டவருக்கு ஆண்டவன் குடலிறக்கத்தைக் கொடுத்துவிட்டான். அடிவயிறும் தொடையும் சேருகிற இடத்தில் ஒரு வீக்கம். இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். ஏறும், இறங்கும். ஊரார் லிஃப்டையெல்லாம் நிறுத்திவைத்துப் பழுது பார்த்தவர், தன் உடம்புக்குள் ஓடிய லிஃப்டை மட்டும் பெல்ட் போட்டு இறுக்கி ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைப்பு. துணி துவைக்கிறவளுக்கு எதுதான் தெரியாது? இருமல் வந்தால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கையால் அழுத்துவதை அவர் சம்சாரம் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனை டாக்டரிடம் போய்த் தனியாகக் கேட்டும் வந்தார். "குடல் போய் மாட்டிக்கிட்டா அப்புறம் யோசிக்க நேரம் இருக்காதும்மா. அதுக்கு முன்னாடி செஞ்சுடணும்" என்றார் டாக்டர்.

அன்றைக்கே வீட்டில் பேச்செடுத்தார்.

"என்னங்க, அந்த வீக்கத்தை ஒரு டாக்டர்கிட்ட காட்டினா என்ன?"

"எந்த வீக்கம்?"

"பெல்ட் போட்டிருக்கீங்களே, அது."

"அது தொழில் பெல்ட்டு."

"தூங்கும்போது என்ன தொழில்?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அந்தச் சட்டையும் வரும்.

அந்த அம்மாவும் நோயில்லாதவர் இல்லை. இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதே ஒரு வேலை அவருக்கு. மூட்டு மாற்றச் சொல்லி எப்போதோ சொல்லிவிட்டார்கள். ஒருநாள் சாயங்காலம் அவர் காலை நீவிக்கொண்டே சொன்னார்:

"வெளிநாட்டுல மூட்டு மாத்துறதுக்கு இங்க ஆகறதுல பாதிகூட ஆகாதாம்ங்க."

பாதி என்ற சொல்லைக் கேட்டதும் லிஃப்ட்காரர் முகத்தில் எல்லா மாடி விளக்கும் எரிந்தது. பாதி விலைக்குக் கிடைத்தால் வேண்டாத பொருளையும் இரண்டாக வாங்குகிறவர் அவர்.

"அப்போ போயிடுவோம்" என்றார். "நானும் கூட வர்றேன். நீ கொஞ்சம்கூட பயப்படாதே."

ஆபரேஷன் அடுத்தவர் உடம்பில் என்றதும் என்ன தைரியம் வந்தது அவருக்கு! பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு ஆபத்தாக எடுத்துவைப்பார். ஆறுதல் சொல்வதற்கென்று பிறந்தவர் இல்லை அவர். இருமல் மருந்து வாங்கப் போனாலே உயில் எழுதிவிட்டாயா என்பது போலப் பார்ப்பார்.

"சீழ் பிடிச்சா?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

"நூத்துல ஒருத்தருக்குப் பிடிக்கும். மீதி தொண்ணூத்தொம்பது பேரைப் பாருய்யா."

"ஆபரேஷன் பண்ணின உடம்போட விமானத்துல உட்கார்ந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும்."

"எழுந்து நாலு நடை நடந்தா சரியாப் போச்சு. என்ன, இறக்கி விட்டுடுவானா?"

"பாஷை தெரியாதே?"

"கத்தி என்ன பேசவா போகுது?"

"ஊருக்கு வந்தப்புறம் ஏதாவது ஆனா? அங்க வெட்டினதுக்கு இங்க உள்ளவன் கை வைக்கமாட்டான்."

"போன் எதுக்கு இருக்கு? தையலைப் படம் எடுத்து அனுப்பினா அந்த டாக்டரே பார்த்துச் சொல்லிடுவார்."

"போனவங்க திரும்பி வராமலே போனா?" மருந்துக்கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்கேருந்து கொண்டுவர்றது லேசு இல்ல."

"பயந்தா எதுவும் நடக்காதுய்யா" என்றார் லிஃப்ட்காரர். உள்ளே அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அந்த நாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நம் பாஷை தெரிந்த ஒரு பெண் போனில் பேசினாள். நோயாளி வீட்டுப் பெண்மணியோடு மட்டும்தான் பேசுவேன் என்று அவள் சொல்லிவிட்டதாக அந்த அம்மா சொன்னார். லிஃப்ட்காரரும் சரி என்று விட்டுவிட்டார். போன் முழுக்க அந்த அம்மா கையில். புறப்படுவதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை, நெஞ்சுப் பரிசோதனை.

"கூட வர்றவங்களுக்கும் எடுக்கணுமாம்ங்க."

"எனக்கு எதுக்கு?"

"இலவசமாம்."

சட்டைக் கையை அவரே சுருட்டிக்கொண்டார்.

போய் இறங்கினார்கள். ஆஸ்பத்திரி பளபளவென்றிருந்தது. தரையில் முகம் தெரிந்தது. லிஃப்ட்காரருக்குத் தன் முகம் பிடிக்கவில்லை. லிஃப்டில் ஏறினார், காது கொடுத்துக் கேட்டார், "மோட்டார் நல்லா இருக்கு" என்றார். அதற்குமேல் நல்லதாகச் சொல்ல அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மூலையில் ஒரு சக்கர நாற்காலியில் யாரோ ஒரு கிழவர் தனியாக உட்கார்ந்து, புரியாத பாஷையில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். யாரும் வரவில்லை.

அறைக்குள் டாக்டர் வந்தார். பின்னாலேயே போனில் பேசிய பெண். டாக்டர் ஏதோ சொன்னார்.

"ஐயா, பெல்ட்டைக் கழட்டிட்டுக் கட்டிலில் படுக்கணுமாம்" என்றாள் அந்தப் பெண்.

"நான் இல்லம்மா. இவங்கதான். முட்டி."

அந்தப் பெண் அந்த அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"நீங்கதாங்க. உங்களுக்குத்தான் தேதி வாங்கியிருக்கேன்."

லிஃப்ட்காரருக்கு ரத்தம் கீழ் மாடிக்கு இறங்கிவிட்டது. கதவைத் தேடினார். ஊராக இருந்தால் அந்தக் கதவு வழியாகப் போய் பஸ் பிடித்திருப்பார். இங்கே கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது? பாஷை தெரியாத தெரு. திரும்பும் டிக்கெட்டுக்கு இன்னும் பத்து நாள். அந்த டிக்கெட்டும் அந்த அம்மா கைப்பையில்.

"சீழ் பிடிச்சுடும்டி!"

"நூத்துல ஒருத்தருக்குத்தானாம்."

"விமானத்துல ரத்தம் கட்டிக்கும்!"

"நாலு நடை நடந்துக்கலாம். இறக்கியா விட்டுடுவாங்க?"

"இவர் பேசறது எனக்குப் புரியலையே!"

"கத்தி பேசாதுன்னு சொன்னீங்களே."

"ஏமாத்திட்டியே. முட்டி முட்டின்னு சொல்லி என்னை இங்க இழுத்துட்டு வந்துட்டியே! உனக்கு ஆபரேஷன் வேண்டாமா?"

"வேணுமே. ஆனா சரிபண்ணின லிஃப்டுல யார் முதல்ல ஏறணும்?"

லிஃப்ட்காரர் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இங்க வரலாம்னு முடிவு பண்ணினது நீங்க" என்றார் அந்த அம்மா. "நல்லதுன்னு மருந்துக்கடைக்காரர்கிட்ட அடிச்சுச் சொன்னதும் நீங்க. நீங்க ஏறாம என்னை எப்படி ஏறச் சொல்றீங்க?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். லிஃப்ட்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணனும் சின்ன ஆபரேஷன்னுதான் சொன்னான்" என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக அந்த அம்மா கேட்டதே இல்லை.

அந்த அம்மா முட்டி வலியோடு அவர் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். "தெரியும்ங்க. ஆனா நீங்க ஒவ்வொரு தடவை இருமும்போதும் எனக்கு உயிர் போய் உயிர் வருது. ஆளில்லாத மோட்டார் அறையில நீங்க தனியா இருக்கும்போது அது மாட்டிக்கிட்டா யார் பார்ப்பாங்க? உங்க அண்ணி மாதிரி நானும் வாசல்ல நிக்கணுமா? வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க, திரும்பிப் போயிடலாம். இந்தப் பேச்சை இனி எடுக்கமாட்டேன்."

வெளியே கிழவரின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு லிஃப்ட்காரர் பெல்ட்டைக் கழற்றி அந்த அம்மா கையில் கொடுத்தார்.

தள்ளிக்கொண்டு போகும்போது, "டீ குடிக்க வருவேன்னு மட்டும் நான் சொல்லமாட்டேன்" என்றார்.

"சொல்லவேண்டாம். வந்தா போதும்."

வந்தார். கண் திறந்ததும் முதல் பேச்சே, "ஏறிப் பார்த்தாச்சு. இனி நீ ஏறலாம்" என்பதுதான். நாக்கு குழறியது, கை மட்டும் சரியாகக் காட்டியது.

"முதல்ல ஊருக்குப் போய் நீங்க தேறுங்க, பார்ப்போம்" என்றார் அந்த அம்மா.

ஊர் வந்து சேர்ந்த வாரத்திலேயே தையல் சிவந்தது. பிறகு சீழ். நூற்றில் ஒருத்தர் யார் என்று தெரிந்துபோனது. தையலைப் படமெடுத்து அனுப்பினார்கள். அந்தப் பக்கமிருந்து ஒரு பதிலும் இல்லை. நம் பாஷை பேசிய பெண் வேலையை விட்டுப் போய்விட்டாளாம். இங்குள்ள பெரிய ஆஸ்பத்திரியில், "வெட்டினவங்ககிட்டயே கேளுங்க" என்று சொல்லி நாலு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கடைசியில் தெருமுனை டாக்டர்தான் இரக்கப்பட்டு மாத்திரை எழுதினார். மருந்துக்கடைக்காரர் தினமும் வந்து புண்ணைத் துடைத்துக் கட்டுப்போட்டார். 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு தடவைகூட அவர் வாய் சொல்லவில்லை. முகம் மட்டும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. காய்ச்சல் அடித்த நாட்களில் அந்த அம்மா, மடக்க முடியாத காலை நீட்டியபடி கட்டிலுக்குக் கீழே தரையிலேயே உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருந்தார். தான் இழுத்துக்கொண்டு போனதுதானே என்ற பயம் அவருக்கு. அதை மட்டும் அவர் லிஃப்ட்காரரிடம் சொல்லவில்லை; பின்னால் என்னிடம் சொன்னார்.

நல்லவேளை, புண் ஆறியது. லிஃப்ட்காரர் பெல்ட் இல்லாமல் நிமிர்ந்து நடக்கத் தொடங்கினார். உடனே பழைய வீரமும் வந்துவிட்டது.

"அடுத்தது உன் முட்டி. எப்போ கிளம்பலாம் அங்க? கொஞ்சம் சீழ் பிடிக்கும், அவ்வளவுதான். நான்தான் ஏறிப் பார்த்துட்டேனே!"

அந்த அம்மா காய்கறி நறுக்கிக்கொண்டே சொன்னார்: "அங்கேயா? அதெல்லாம் ஆபத்துங்க. மருந்துக்கடைக்காரர் அவ்வளவு சொன்னாரே, கேட்கலையா நீங்க? முட்டின்னா மாசக்கணக்கா டாக்டர்கிட்ட போய்வரணும். பக்கத்துலேயே இருக்கணும். நான் இங்கேயே பெயர் கொடுத்து ரொம்ப நாளாச்சு."

"ரொம்ப நாள்னா? எப்போ?"

"உங்களுக்குத் தேதி கேட்டேனே, அதுக்கு முந்தின நாள்."

லிஃப்ட்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகலாமா என்று யோசித்தார். சட்டையைத் துவைக்கப் போட்டிருந்தது.

இங்கே வரிசை பெரிசு. அந்த அம்மாவுக்கு இன்னும் கூப்பிடவில்லை. வலி கூடிக்கொண்டுதான் போகிறது. இப்போது எங்கள் பிரார்த்தனைக் கூடத்துக்கு வருகிறார். சாய்ந்து சாய்ந்து, எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் வந்து சேருகிறார். நீங்களும் அங்கே வருகிறவர்கள்தானே? கதவோரம் கை வைத்த நாற்காலி ஒன்று இருக்கிறது. அதில் மட்டும் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.